சாட்சி பெஞ்சு

செபமாலைக்குக் கால் தரையில் பாவவில்லை. ஹட்டனில் அவர் தோற்றுப்போன மரக்கறித் தோட்ட வழக்கை முதலிலிருந்து மறுபடி விசாரிக்கச் சொல்லிவிட்டது மேல் கோர்ட்டு.

“நா விட்டுட்டுப் போயிருப்பேன். அப்பீல் போட்டே ஆகணும்னு ஒத்தக்கால்ல நின்னது நீதானே, புள்ள.”

மகள் ஷெரோமி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “அப்ப நாங்க சொன்ன சாட்சியெல்லாம் செல்லாதாப்பா?”

“செல்லாது. நீயும் திரும்பச் சொல்லணும், நம்ம எதிராளி, அந்த மேல் லயத்து வீட்டு இக்னேசியஸ் பக்கத்துச் சாட்சிக்காரனும் திரும்பச் சொல்லணும்.”

“சொல்ற வரைக்கும் சாட்சிங்கள உள்ள விடமாட்டாங்களே.”

“ஆமா, பழையபடி வெளி பெஞ்சுலதான். குளிர்ல ஒனக்குத்தான் கஷ்டம்.”

“பரவாயில்லப்பா. நம்ம தோட்டத்துக்காக உக்காருறேன்.”

செபமாலைக்குக் கண் கலங்கிவிட்டது.

லயத்து வீட்டின் பின்பக்கம் ஓடிய ஷெரோமி, இக்னேசியஸின் மகனுக்குப் போன் போட்டாள்.

“றொக்சன், நம்ம பெஞ்சு திரும்பக் கெடச்சிருச்சு. போன வாட்டி மாதிரி மொத விசாரணைத் தவணையிலயே ஒங்கப்பாவுக்குச் சாட்சி சொல்லி முடிச்சிட்டு உள்ள போயிறாத. தொண்ட கட்டிருச்சுன்னு சொல்லி ஒரு நாலு தவணையாவது தள்ளு.”