வாய்க்காரி

“இந்த வாய்க்காரியை இனி இஞ்சால அனுப்பாதேங்கோ!”

கைத்தொலைபேசிக் கடை ஜமால்தீன் முதலாளி அழைப்பைப் பட்டென்று துண்டித்துவிட்டார். வேணுஜாவை வேண்டாம் என்று சொன்ன மூன்றாவது கடை இது.

பழனிவேலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சான்றிதழைப் பார்க்காமல் குணத்தைப் பார்த்து ஆளுக்கேற்ற வேலை பிடித்துக் கொடுக்கத்தான் தொண்டு நிறுவனம் அவனைக் கோயம்புத்தூரிலிருந்து மன்னாருக்கு வரவழைத்திருந்தது. பொறுமை, பணிவு, சிரித்த முகம் என்று அவன் போட்ட புள்ளிகளில் இவளுக்குத்தான் முதலிடம்.

அவளோ எதிரே கதிரை நுனியில் ஒடுங்கிப்போய் இருந்தாள். தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் பிறந்து வளர்ந்து, சண்டை ஓய்ந்த பிறகு பெற்றோருடன் மன்னார்ப் பக்கம் உயிலங்குளத்துக்கு வந்தவள். ஈயைக்கூட அதட்டத் தெரியாத பெண்.

“அங்க போய் என்னதான் சொல்லித் தொலைச்ச?”

“நீங்க சொல்லிக்கொடுத்ததைத்தான் சார். உனக்கு என்ன திறமைன்னு கேட்டாங்க. கோபமா யார் வந்தாலும் நல்லாப் பேசுவேன்னு சொன்னேன். உடனே போகச் சொல்லிட்டாங்க.”

அவள் கண் கலங்கியது. “வேலை கிடைக்கலைன்னா அப்பா குவைத்துக்கு வீட்டுவேலைக்கு அனுப்பிடுவாங்க சார். ஏஜென்சிக்காரர் பாஸ்போர்ட்டையும் வாங்கிட்டுப் போயிட்டார்.”

“சொன்னதையே சொல்லியும் வேலை இல்லையா? என்ன ஊருங்க இது!” பழனிவேல் மேசையில் ஓங்கிக் குத்தினான்.

பக்கத்து மேசை மேரி ரோஸ் பதறி எழுந்தாள். “சேர், பிள்ளைக்குப் பேசாதேங்கோ. பாவம், அழுறாள்.”

“பேசாம எப்படிங்க விஷயத்தைத் தெரிஞ்சுக்கிறது?”

மேரி ரோஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த மனிதனோடு வேலை செய்வதற்கே தனிப் பொறுமை வேண்டியிருந்தது.

பழனிவேல் விடவில்லை. ஜமால்தீனை மறுபடி அழைத்தான். “ஏனுங்க, கஸ்டமர்கிட்ட நல்லாப் பேசுற பொண்ணு வேணும்னு கேட்டீங்க. அனுப்பினா வாய்க்காரிங்கிறீங்க. இது நியாயமா?”

“ஆர் தம்பி அப்பிடிக் கேட்டது? சனத்தோட நல்லாக் கதைக்கிற பிள்ளையைத்தான் நான் கேட்டனான். இது வந்து நிண்டு, ஆர் வந்தாலும் நல்லாப் பேசுவனெண்டு என்ர முகத்துக்கு நேர சொல்லுது!”

“கதைக்கிறது, பேசுறது, ரெண்டும் ஒண்ணுதானேங்க?”



“எப்பிடித் தம்பி ஒண்டாகும்? எங்கட ஊரில பேசுறதெண்டால் ஏசுறது!”