பற்பசை வைத்தியம்

“நல்லா அழுத்தி, வட்ட வட்டமாத் தேய்ங்க அத்தை. அப்பதான் கீறல் போகும்.”

கல்யாண வீடியோக்களை எடிட் செய்து பிழைக்கும் மாப்பிள்ளைக்குத் தெரியாததா? அத்தை பழைய துண்டில் பற்பசையைப் பிதுக்கி, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் அந்த ப்ளூ-ரே தட்டைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

அவன் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

இறந்துபோன அவன் மனைவி, அத்தையின் ஒரே மகள், சிரித்துப் பேசும் ஒரே பதிவு அந்தத் தட்டில் இருந்தது. அதை ஓட்டும் கருவியோ அவன் வீட்டில் இருந்தது.

ஆகவே ஞாயிறு விடிந்தால் அத்தை ஆஜர். பார்ப்பாள், அழுவாள், மறுபடி முதலிலிருந்து போடச் சொல்வாள்.

இப்போது அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைகள் தேவைப்பட்டன. ஒருத்தி, “உங்க வீட்டை எப்ப காட்டுவீங்க?” என்று கேட்கத் தொடங்கியிருந்தாள்.

அத்தையை வராதே என்று சொன்னால் சொந்தபந்தம் காறித் துப்பும்.

போன வாரம் சாவியால் தட்டில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தான். பாழாய்ப்போன தட்டு அசரவில்லை. விட்டுப்போனதைக் கருவியே கணக்குப் போட்டு நிரப்பிக்கொண்டது. ஓரிடத்தில் மட்டும் மனைவியின் முகம் கட்டம் கட்டமாக உறைந்து, பிறகு ஓடியது.

அது போதும், அத்தை பதற.

டிவிடி என்றால் இந்த வைத்தியம் பலிக்கும். அதில் பதிவு தட்டின் நடுவயிற்றில் இருக்கும். மேலே தடித்த பிளாஸ்டிக். கொஞ்சம் தேய்ந்தாலும் குடிமுழுகிப் போகாது. பக்கத்து வீட்டுக்காரரின் டிவிடியை அவன் அப்படிப் பிழைக்கவைத்ததை அத்தையே பார்த்திருக்கிறாள்.

ப்ளூ-ரே வேறு ரகம். நீலக் கதிர் கூர்மையாகக் குவிந்து, பொடிப் பொடிப் புள்ளிகளையும் படிக்கும். அப்படிக் குவிய வேண்டுமானால் பதிவு மேல்தோலை ஒட்டியே இருக்க வேண்டும். மேலே முடியளவு கனத்தில் ஒரு மூடி, அவ்வளவுதான். அது முழுக்கக் கீறல் விழுந்தால் கதிர் சிதறிவிடும். அதுவும் வட்டமாகத் தேய்த்தால், கீறல் பதிவின் பாதையோடு சேர்ந்தே ஓடும். கருவியின் கணக்கும் கைவிரித்துவிடும்.

தன் கையாலேயே தேய்க்கிறாள். யாரைக் குறை சொல்வாள்?

தட்டு உள்ளே போனது. கருவி முனகியது. திரையில் படம் வரவில்லை.

“ஐயோ, என் கையாலயே அழிச்சிட்டேனே!”

தரையில் சரிந்தவளின் முதுகைத் தடவிக்கொடுத்தான். வேறு காப்பி இல்லை என்றான். செத்த தட்டை அதே துண்டில் சுற்றிக்கொண்டு அவள் போனதும், கணினியில் இருந்த காப்பியை அழித்தான்.

அடுத்த ஞாயிறு வீட்டைக் கூட்டிப் பெருக்கி, மெத்தைக்குப் புது விரிப்பு போட்டான். அழைப்பு மணி அடித்தது. தலையை வாரிக்கொண்டு கதவைத் திறந்தான்.

அத்தை. இரண்டு பெட்டிகளோடு.

“தட்டைக் கடையில காட்டினேன், மாப்பிள்ளை. ‘இதைப் போய் யாராவது பேஸ்ட் போட்டுத் தேய்ப்பாங்களா? வீடியோ வேலை பாக்கறவருக்கு இதுகூடவா தெரியாது?’ன்னு சிரிச்சான்.” அவளும் சிரித்தாள். “இனிமே அவளைப் பாக்க முடியாது. அவ வாழ்ந்த வீட்டையாவது பாத்துக்கிட்டு இங்கயே இருந்துடறேன்.”

படிக்கட்டில் நின்ற அக்கம்பக்கத்தார் உச்சுக்கொட்டினார்கள். அவன் வழிவிட்டான்.

அவள் நேராகக் குளியலறைக்குப் போய், தன் பிரஷை எடுத்து அந்தப் பற்பசைக்குப் பக்கத்தில் வைத்தாள்.