இடது காலில் கம்பி

மண்சரிவு நடந்த நான்காம் நாள், மெட்டல் டிடெக்டருடன் ஒருவர் வந்தார். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் எங்கே இருந்தன என்றே தெரியாதபடி சேறு மூடிக் கிடந்தது.

"எங்க வீட்டுக்காரருக்கு எடது கால்ல ஸ்டீல் கம்பி வச்சிருக்கு சார்," என்றாள் செல்லக்கனி. "போன வருசம் மரம் விழுந்து ஒடைஞ்சது. அத வச்சுக் கண்டுபிடிச்சிரலாம்ல?"

அவர் தலையாட்டிவிட்டுச் சேற்றில் இறங்கினார். இரண்டடி வைப்பதற்குள் கருவி கத்தியது. நான்கு பேர் இடுப்பளவு தோண்டினார்கள். களிமண்தான் வந்தது. அடுத்த இடத்திலும் கத்தியது. அங்கேயும் களிமண்தான்.

"இந்த மண்ணுல இரும்பு ஜாஸ்திம்மா. ஊறிக் கெடக்கிறதால மண்ணுக்கே கத்துது," என்றார் அவர். "மெசினோட பவரக் கொஞ்சம் கொறைச்சு வச்சா மண்ணுக்குக் கத்தாது. ஆனா ஆழத்துல இருக்கிறது அதுக்குத் தெரியாது."

மழை மறுபடியும் தூறத் தொடங்கியது. தோண்டியவர்கள் மண்வெட்டிகளைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்கினார்கள்.

"கொறைக்காதீங்க சார். கத்தட்டும்."

கருவி கத்திக்கொண்டிருந்த இடத்திலேயே செல்லக்கனி மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் மண்ணை அள்ளி வெளியே போட ஆரம்பித்தாள். அவர் கருவியை அணைக்காமல் பக்கத்தில் நின்றார்.