மூன்று கட்டங்கள்

மார்க்கரின் மூடியைத் திறந்துவிட்டாள். எழுதத்தான் கை வரவில்லை.

வெள்ளைப் பலகையில் மூன்று கட்டங்கள். ஒன்றின் மேல் ஒன்று. மூன்றும் காலி.

எதிரே மங்கையர்க்கரசி உட்கார்ந்திருந்தார். கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். இந்த விளம்பர ஏஜென்சியின் பழைய கிளையன்ட். கொடுத்த காப்பியை அவர் தொடவில்லை.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஒரு அவசரம்னா நான் யாரைக் கூப்பிடணும்? பேரைச் சொல்லுங்க. சொல்ல முடியலன்னா நான் வேற ஏஜென்சி பாத்துக்கறேன்."

நியாயமான கேள்வி. ஏஜென்சிக்காரர்கள் ஆறு பேர் இருந்த அறையில் பதில்தான் இல்லை.

போன மாதம் அவருடைய புதுக் கிளைக்குத் திறப்பு விழா. முந்தைய நாள் மாமனார் இறந்துவிட்டார். துக்க வீட்டில் இருந்தபடியே வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டார். திறப்பு விழா இல்லை, நாளைக்கு வரும் பத்திரிகை விளம்பரத்தை நிறுத்திவிடுங்கள்.

குழுவில் ஏஜென்சிக்காரர்கள் ஆறு பேர். ஆறு பேரும் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

ஒருவரும் பத்திரிகைக்குப் போன் செய்யவில்லை.

பத்திரிகையில் விளம்பர இடம் வாங்குகிறவர், டிசைன் ஆட்கள் சொல்லிவிடுவார்கள் என்று இருந்தார். டிசைன் ஆட்கள், கிளையன்ட் சர்வீசிங் பார்த்துக்கொள்ளும் என்று இருந்தார்கள்.

கிளையன்ட் சர்வீசிங், அதாவது கிளையன்ட்டோடு பேசும் வேலை, அவளுடையது. இத்தனை பெரியவர்கள் விரல் தூக்கியிருக்கிறார்களே, யாராவது பேசியிருப்பார்கள் என்று அவளும் இருந்துவிட்டாள்.

காலையில் அரைப்பக்கம் கலரில் வந்தது. முதலில் வருகிறவர்களுக்கு எவர்சில்வர் வாளி இலவசம்.

புதுக் கிளைக்கு மேல் மாடியில்தான் வீடு.

வாளிக்கு நின்ற வரிசை படிக்கட்டை அடைத்துக்கொண்டது. உடலை இறக்க வழியில்லை. மங்கையர்க்கரசியே கீழே வந்து ஒவ்வொருவரையும் கையெடுத்துக் கும்பிட்டு விலக்கினாராம்.



"நாங்க ஒரு குடும்பம் மாதிரி மேடம்" என்றார் முதலாளி தயாபரன். "இங்க எல்லாருக்குமே பொறுப்பு இருக்கு."

"எல்லாரும் இருக்கும்போதுதானே வாளிக்கு வரிசை நின்னுச்சு."

தயாபரன் அவள் பக்கம் திரும்பினார். பலகையைக் காட்டி அவளை எழுதச் சொன்னார்.

கீழ்க் கட்டம், கிளையன்ட் முதலில் கூப்பிட வேண்டிய ஆள். அதற்கு மேல், அவர் கிடைக்காவிட்டால் யார். உச்சியில், அவரும் கிடைக்காவிட்டால் யார்.

வரைவது சுலபம். இந்த ஏஜென்சியின் வழக்கம் அவளுக்குத் தெரியும். கிளையன்ட் நேராகக் கூப்பிட்டால் பெரியவர்கள் எடுக்க மாட்டார்கள். ஏன் கூப்பிட்டார்கள் என்று கடைசியாகச் சேர்ந்தவளைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். எந்தப் பக்கம் சுற்றினாலும் அவள் தலையில்தான் வந்து விழும். அவளுக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் மதியச் சாப்பாட்டுக்குப் போனார். போனவர்தான்.

எழுதினால் மாட்டிக்கொள்வாள். பயமாகத்தான் இருந்தது.

அந்த அம்மாள் கும்பிட்டபடி படியிறங்கியது கண் முன்னால் வந்தது.

கீழ்க் கட்டத்தில் தன் பெயரை எழுதினாள்.

அறையில் மற்ற ஐந்து பேரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். தயாபரன் சிரிக்கக்கூடச் செய்தார்.

மங்கையர்க்கரசி கைப்பையிலிருந்து போனை எடுத்தார். எண்ணைத் தேடி அழுத்தினார்.

அவள் கையில் போன் அடித்தது.

"எடுக்காதம்மா" என்றார் மங்கையர்க்கரசி.

அவள் விரல் அந்தரத்தில் நின்றது. இந்த வேலையில் சேர்ந்த பிறகு கிளையன்ட் போனை அவள் எடுக்காமல் விட்டதே இல்லை. குளிக்கும்போதுகூட.

அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஓய்ந்தது.

"இந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல்னு வச்சுக்கோங்க. பஸ்ஸுல அசந்து தூங்கிட்டான்னு வச்சுக்கோங்க. எங்க வீட்டுல மறுபடியும் ஒரு சாவு. இப்ப நான் என்ன பண்ணட்டும்?"

ஒருவர் ஏசியைப் பார்த்தார். ஒருவர் தன் நகத்தைப் பார்த்தார்.

டிசைன் பிரிவின் தலைவர் ரெஜினால்ட் எழுந்தார். வெளியே நழுவப் போகிறார் என்றுதான் நினைத்தாள். அவர் பலகைக்கு வந்தார். அவள் கையிலிருந்து மார்க்கரை வாங்கினார். இரண்டாவது கட்டத்தில் தன் பெயரை எழுதினார். மார்க்கரை மேசையில் போட்டுவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

"இப்ப கூப்பிடுங்க மேடம்."

கூப்பிட்டார். இரண்டாவது மணிக்கே ரெஜினால்ட் எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க மேடம். ரெஜினால்ட் பேசறேன்."

நடுவில் ஒரு மேசைதான். ஆனாலும் இருவரும் போனில்தான் பேசினார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"தம்பி, நாளைக்கு விளம்பரம் வரக்கூடாது. மாமா போயிட்டாரு."

சொல்லும்போது அவர் குரல் கம்மியது.

"வராது மேடம். பத்திரிகைக்கு நானே பேசறேன். பேசிட்டு உடனே உங்களைக் கூப்பிடறேன். நீங்க ஆக வேண்டியதைப் பாருங்க."

 மங்கையர்க்கரசி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அன்றைக்கு யாரும் சொல்லாத பேச்சை இப்போதுதான் கேட்கிறார். கன்னத்தில் வழிந்ததை முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

 அவளுக்குத் தோளிலிருந்து ஏதோ இறங்கியது போல இருந்தது. காய்ச்சல் வந்தால் இனிமேல் படுத்துக்கொள்ளலாம்.

மங்கையர்க்கரசி ஒருவழியாகப் போனை வைத்தார். பலகையை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பியும் எடுக்கலன்னா?"

உச்சிக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருந்தது.

 தயாபரன் மேசையில் கிடந்த மார்க்கரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, மார்க்கருக்குக் கை நீட்டினார்.