தலையால் முட்டாதே

“பயிற்சியில யாரும் பந்தைத் தலையால முட்டக் கூடாதுடா!” என்றார் கோச் டூகல்.

“ஸ்காட்லாந்துக்காக நீங்க போட்ட கோல் அத்தனையும் தலையால முட்டினதுதானே, பாஸ்? உங்க ரெக்கார்டை முறியடிச்சிடுவோம்னு பயமா?” என்றான் கேப்டன் ஸ்ட்ரூவன். எல்லாரும் சிரித்தார்கள்.

உடைமாற்றும் அறையில் மாட்டியிருந்த கோச்சின் கோட்டிலிருந்து அவருடைய நோட்டு விழுந்தது. சனிக்கிழமை ஆட்டத்துக்கு யார் யார் என்று பார்க்க ஸ்ட்ரூவன் திறந்தான்.

‘சிவப்பு முடி, வாயாடி: ஸ்ட்ரூவன், என் கேப்டன். மீன்கடை தாண்டி நீலக் கதவு: என் வீடு. கதவைத் திறப்பவள்: மோராக், என் மனைவி.’

நோட்டைக் கோட்டுப் பைக்குள்ளேயே திரும்ப வைத்தான்.

மறுநாள் பந்து அவன் நெற்றிக்கு நேராக வந்தது. விலகி, மார்பில் வாங்கி இறக்கினான்.

“சபாஷ்...” என்ற கோச்சின் கை கோட்டுப் பைக்குள் போனது.

“ஸ்ட்ரூவன், பாஸ்” என்றான் அவன்.