காது முளைத்த கிண்ணங்கள்

தகட்டு ஆலையின் ஆய்வுக்கூடத்து அம்மா, கிண்ணப் பட்டறையிலிருந்து வந்த கிண்ணத்தை மேசைமேல் டொக்கென்று வைத்தார். விளிம்பு நாலு இடத்தில் காது மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது.

"உருளையில நசுங்கின தகட்டுல படிகமெல்லாம் ஒரு பக்கமாச் சாய்ஞ்சிருக்கும். உலையில அளவாக் காய்ச்சினா, புதுசா முளைக்கிற படிகம் அதைச் சரிக்கட்டிடும். அதிகமாக் காய்ச்சினா, அத்தனையும் வேற பக்கம் திரும்பிக்கும். கிண்ணமா இழுக்கும்போது காது முளைக்கும். போன வாரம் சரியாத்தானே காய்ச்சினீங்க, அண்ணே?"

"கண் அசந்துட்டேம்மா," என்றார் உலைக்காரர்.

வாங்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், மனைவி விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள்.

"கிண்ணப் பட்டறையில திரும்பக் கூப்பிட்டுட்டாங்களா?" என்று ஆவலாகக் கேட்டார்.

"கூப்பிட்டுட்டாங்க. மறுபடியும் காது வருதாம், வெட்டி எடுக்க ஆள் வேணுமாம்."

"நல்லதாப் போச்சு. போன வாரம் வேலையில்லைன்னு அனுப்பினப்ப அப்படி அழுதியே!"

"அது துக்கமா? இனிமே கை கிழிபடாதுன்னு நிம்மதியில அழுதேன். எந்தக் கட்டையில போறவன் தகட்டைக் கெடுத்தானோ!"

உலைக்காரர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"விடு," என்றார் களைப்பாக. "நாளையிலேருந்து சரியாக் காய்ச்சிடுவான்."