கலங்கரை விளக்குக்கு எதிரே

கார் நிற்கிறது, வழிகாட்டியின் வாய் நிற்கவில்லை. "கலங்கரை விளக்குக்கு இருபது நிமிஷம், மேடம். ஆறு மணிக்கு ஊர் எல்லை செக்போஸ்ட்ல கேட்டை மூடிடுவாங்க. அதுக்குள்ள இன்னும் மூணு கடற்கரை பாக்கணும்." கணவன் கேமராவோடு எப்போதோ இறங்கி ஓடிவிட்டான். பின்சீட்டில் அவள் பெல்ட்டைக் கழற்றுகிறாள், மாட்டுகிறாள், மறுபடி கழற்றுகிறாள். கண் கடல் பக்கம் போகவே இல்லை. சாலைக்கு அந்தப் பக்கத் தையல் கடையில் ஒருத்தி ஊசியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, தலையைச் சாய்த்து, நூல் கோர்க்கிறாள். அக்காதான். ஒன்பது வருடத்துக்கு முன், "இனிமே நீ எனக்கு அக்காவே இல்ல" என்று கத்தியது இவள். இந்த ஒருநாள் சுற்றுலாவே அந்தக் கடைக்காகத்தான், கணவனுக்குக்கூடத் தெரியாது. "இறங்கலையா மேடம்? இவ்வளவு தூரம் வந்து சீட்டுக்கா காவல் இருக்கீங்க?" "இதோ..." என்கிறாள். பெல்ட் மறுபடி மாட்டிக்கொள்கிறது. பத்தொன்பதாவது நிமிடம், கணவனைக் கூப்பிட வழிகாட்டி ஹாரனை அழுத்துகிறார். அக்கா நிமிர்கிறாள். கண்ணைச் சுருக்கிக் கார் கண்ணாடியையே பார்க்கிறாள். ஊசியை மெதுவாக நூல்கண்டில் குத்திவிட்டு எழுந்து, எதிரே ஸ்டூலில் குவிந்திருக்கும் துணிகளை அள்ளித் தரையில் போடுகிறாள். ஸ்டூல் காலியாக இருக்கிறது. "மீதி மூணு கடற்கரையும் வேண்டாம் அண்ணா," என்றபடி இவள் கதவைத் திறக்கிறாள்.